தொப்பூர் இறங்கியதும்

ஜவ்வரிசிப் பெட்டி அடியில்.
அதன்மேல் ஏற்காட்டுக் காப்பிக்கொட்டை.
அதற்கும் மேல் வெள்ளைக்கல் பொடி.
உச்சியில்,
எந்தக் கப்பலுக்கும் பாத்தியதை இல்லாத
துருவேறிய காலிப் பெட்டி ஒன்று.

கருப்பூர் யார்டில் நான் வேலைக்குச் சேர்ந்த காலையில்
இன்று போக வேண்டியது எது என்று கேட்டேன்.
ஜவ்வரிசி என்றார்கள்.

கலீமுல்லா ரீச் ஸ்டாக்கரின் கையை நீட்டி
மேலிருக்கும் மூன்றையும் தூக்கி ஓரம் வைப்பார்.
அவை வேறு மூன்றின் தலையில் போய் உட்காரும்.
நாளைக்கு அந்த மூன்றுக்கும் அவசரம் வரும்.
ஒரு வாரம் வாசலில் நாற்காலி போட்டு எண்ணினேன்:
ஒரு பெட்டி துறைமுகம் கிளம்ப
நாலு பெட்டிகள் இடம் மாறின.
அத்தனை டீசல் குடித்தும்
நாலும் எங்கும் போகவில்லை.

வெளியே சர்வீஸ் ரோட்டில்
லாரி வரிசை டீக்கடையைத் தாண்டி வளைந்திருக்கும்.
அதன் கடைசியில் சேர்வராயன் மலையும்
டோக்கன் வாங்கிக்கொண்டு நிற்பதுபோல் தெரியும்.

முதலாளி மென்பொருள் வாங்கினார்.
லாரிக்காரர்கள் முன்கூட்டியே நேரம் பதிய வேண்டும்:
பத்து பத்து, பத்து இருபது, பத்து முப்பது.
சங்ககிரி அர்த்தநாரி திரையை எட்டிப் பார்த்துச் சிரித்தார்.
"ஏனுங் மேடம்,
தொப்பூர் கணவாய் இதுல பதிஞ்சிருக்குதுங்களா?"

ஓசூரில் கிளம்பும் வண்டிக்கு
வந்துசேரும் நேரம் ஓசூரில் தெரியாது.
பிரேக் சூடேறாமல்,
எந்த டேங்கரும் குறுக்கே படுக்காமல்
அந்த இறக்கத்தைத் தாண்டிவிட்டால்
மிச்சம் நாற்பது நிமிடம்.
அதில் பொய் இல்லை.

ஆகவே ஒரு மிஸ்டு கால்.
அடிவாரத்திலிருந்து ஒரே ஒரு மணி, எடுக்க மாட்டேன்.
அந்த நாற்பது நிமிடத்துக்குள் கலீமுல்லா
சரியான பெட்டியைத் தோண்டியெடுத்து
வாசலுக்கு நேரே வைத்திருப்பார்.
வண்டி வரும், எடைமேடை ஏறும்,
நாலு மூலைப் பூட்டும் டக்கென்று விழும்,
முத்திரை எண்ணைப் படித்துக் கையெழுத்திட்டால் கிளம்பும்.
இரண்டே கால் மணி நேரம்
முப்பத்தைந்து நிமிடமாயிற்று.

கேக் வெட்டினோம். முதலாளி பேசினார்.
அடுத்த மாதம் லாரி கம்பெனிகளும் பேசின:
சேலத்தில் நூறு நிமிடம் மிச்சமாகிறதாம்,
ஆளுக்கு மாதம் இரண்டு தூத்துக்குடி நடை கூடுதல்.

அப்போதுதான்
பழைய வரிசை ஞாபகம் வந்தது.
ஸ்டியரிங்மேல் கால் நீட்டி,
துண்டை முகத்துக்கு இழுத்து,
கிளீனரை டோக்கன் பார்க்கச் சொல்லிவிட்டு
அவர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.
"வீண்" என்று நான் சிவப்பு பூசிய கட்டங்கள் எல்லாம்
தூக்கம்.

இரவு இரண்டு மணி.
அர்த்தநாரி இறங்கி வந்து மேசைமேல் கை ஊன்றினார்.
தேதி போடச் சொன்னேன்,
வண்டி நம்பரை எழுதினார்.
அடித்துவிட்டு
மறுபடியும் வண்டி நம்பரையே எழுதினார்.

பெட்டி தயார். கப்பலுக்கு நாளை இரவுவரை நேரம் இருந்தது.
"கொஞ்சம் ஆகும், வண்டியில படுங்க" என்றேன்.
"ஆகட்டுங்" என்றார், எவ்வளவு என்று கேட்கவில்லை.

தாமதத்துக்குக் காரணம் எழுதாமல்
மென்பொருள் அடுத்த பக்கம் போகாது.
எழுதினேன்: மேலே மூன்று பெட்டிகள்.
மேலே வானம்தான் இருந்தது.

கலீமுல்லா திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
இன்ஜினை அணைத்துவிட்டு
டீ வாங்கப் போனார்.

மாதக் கடைசி வரைபடத்தில்
இரவு இரண்டு மணிக்கு நேராக ஒரு மேடு.
மற்ற இடமெல்லாம் சமதளம்.
இது என்ன என்று பேனாவால் தட்டினார் முதலாளி.
பார்க்கிறேன் சார் என்றேன்.
அதற்குள் என் பைக்குள்
தொப்பூர் அடிவாரம்
ஒருமுறை அடித்து நின்றது.